அங்கால இருந்து தொடங்குங்க

ராத்தாவை நான் முதன்முதலில் சந்தித்தபோது, சலாம் சொன்ன கையோடு என் வேலையில் பிழை பிடித்தார்.

அன்று காலையில் சாய்ந்தமருதிலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டு, அட்டாளைச்சேனையில் மேற்கே திரும்பி, வயல் வட்டைகளுக்கு நடுவே நெடுநேரம் ஓடி, ஒரு குளக்கட்டில் ஏறி இறங்கி அந்த ஊருக்குப் போயிருந்தேன். என் கறுப்பு ஹபாயா அங்கி புழுதியில் செம்மண் நிறமாகியிருந்தது. சூரிய வெளிச்சத்திலிருந்து கரண்ட் எடுத்து, அதை ஊரவர்களே சங்கம் வைத்து நடத்துகிற ஒரு திட்டத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். எங்கெங்கே கம்பம் நடுவது, எவ்வளவு வயர் வேண்டும் என்று அளப்பது என் வேலை. பாதையோரத்து முதல் வீட்டு வாசலில் அளவு நாடாவை விரித்தேன். அப்போதுதான் வயல் வரம்பால் ஒரு பெண், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மடக்கிய குடையை வீசி வீசி விறுவிறு என்று வந்தார்.

"என்ன மிஸ், இங்க இருந்தா தொடங்கப் போறீங்க?"

"ஓம். ரோட்டுப் பக்கம் இருந்து ஒழுங்காப் போவமெண்டு."

"அப்ப கடைசி வீட்டுக்கு எப்பப் போவீங்க?"

"பின்னேரமாகும்."

"பின்னேரம் ஆனை இறங்கும். நீங்க ஸ்கூட்டிய எடுத்துட்டு ஓடிருவீங்க. கடைசி வீடு அளக்காமலே கெடக்கும்." குடையைக் காட்டுப் பக்கமாக நீட்டினார். "அங்கால இருந்து தொடங்குங்க."

அந்த ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். அவரைவிட வயது கூடிய ஆண்களும் மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அன்றிலிருந்து அப்படியே கூப்பிட்டேன்.

குளத்துக்கும் காட்டுக்கும் இடையில் முப்பதுக்குக் கொஞ்சம் குறைந்த வீடுகள். சண்டைக் காலத்தில் கடற்கரை ஊர்களுக்கு ஓடிப்போய், பிறகு திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம். அரசாங்கத்தின் பெரிய கரண்ட் லைன் குளக்கட்டைத் தாண்டாமலே நின்றுவிட்டது. இத்தனை குறைந்த வீடுகளுக்காக அவ்வளவு தூரம் இழுக்க முடியாது என்று கேட்டுப் போனவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்திருந்தது. கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் சைக்கிளில் குளக்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு குப்பிலாம்பு. யானை வருகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் கேட்க வேண்டும்.

ராத்தாவின் குணத்தை ஒரே வரியில் சொல்வதானால், அவர் எதையும் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இறைச்சி பங்கிட்டால் முதல் பை போவது காட்டோரத்து வீட்டுக்கு. கூட்டத்தில் பிளேன்டீ கொடுத்தால் வாசலோரம் ஒதுங்கி நிற்கிறவருக்குத்தான் முதல் கோப்பை. பள்ளிவாசல் தலைவருக்கு வரும்போது சில நாள் சீனி முடிந்திருக்கும். இது நல்ல மனது என்று நான் முதலில் நினைத்தேன். அப்படிச் சொல்லியும் பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"மனசு கினசு ஒண்டுமில்ல மிஸ். எங்கட வாப்பாட வயல் வாய்க்கால்ர கடைசிக் கண்டம். மேல உள்ளவங்க எல்லாரும் பாய்ச்சிட்டு மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. மிச்சம் எண்டைக்கி இருந்தது? வாப்பா வரம்புல குந்தி இருந்து பார்த்துட்டே இருப்பார். ஒருத்தரும் களவெடுக்கல்ல, ஒருத்தரும் அநியாயம் செய்யல்ல. ஒழுங்காத்தான் குடுத்தாங்க. மேல இருந்து ஒழுங்காக் குடுத்தாங்க. அவ்வளவுதான். எங்கட பயிர் காஞ்சி போச்சி."

அவருக்குக் கோபமும் அதிகம். ஊர் கூடிச் செய்யும் சிரமதான வேலைக்கு வராமல் சந்தைக்குப் போன தன் சொந்தத் தம்பியை, அடுத்த நாள் கொதிக்கிற வெயிலில் தனியாக நிற்கவைத்துக் குழி தோண்டவிட்டார். அவன் மனைவி அதற்குப் பிறகு பல வாரங்கள் ராத்தாவோடு கதைக்கவில்லை. ஊரில் சிலருக்கு அவரைக் கண்டால் பயம், சிலருக்கு எரிச்சல். ஆனால் கல்முனையிலிருந்த எங்கள் காரியாலயத்துக்கு அந்த ஊரிலிருந்து வந்து, நான்கைந்து பெண்களோடு வராந்தாவில் குந்தியிருந்து, "எங்கட ஊரையும் பாத்துட்டுச் சொல்லுங்க, பாக்காமச் சொல்லாதீங்க" என்று எங்கள் பொறுப்பாளரைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். அதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

என்னோடும் சண்டை பிடித்தார். சூரியத் தகடுகளையும் பற்றரி அறையையும் காட்டோரத்தில், கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார். அங்கே மர நிழல் விழும், அதோடு ஊரின் ஒரு தொங்கலில் வைத்தால் மறுதொங்கலுக்குப் போகிற வழியில் கரண்ட் பலவீனமாகிவிடும், நடுவிலிருக்கிற சூடடிக்கும் களம்தான் பொருத்தம் என்று மண்ணில் கோடு கீறிக் காட்டினேன். குந்தியிருந்து கோட்டைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"சரி. பெட்டி நடுவுல இரிக்கட்டும். குழி அங்கால இருந்து தோண்டுவம்."

அந்த அங்கால வீட்டைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் என்னை அங்கே அனுப்பியபோது, ராத்தா வாய்க்கால்வரைதான் வந்தார். வாய்க்காலுக்குக் குறுக்கே தென்னங்குற்றிகள் போட்ட ஒரு பாலம். "நான் இதோட நிக்கிறன். நீங்க போய் அளந்துட்டு வாங்க," என்றார். பாலத்துக்கு அப்பால் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன வீடு. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், ஏழெட்டு வயதில் ஒரு மகள். "அளக்கிறதெண்டா அளங்க. எண்டாலும் எனக்கு வேணா," என்று மட்டும் சொன்னார் அந்தப் பெண். ஏன் என்று கேட்டபோது முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார்.

காரணத்தை ஊரில் வேறொருவர்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பெண் ராத்தாவின் கணவருடைய இரண்டாம் மனைவி. நெல் வெட்டுக்குப் போன ஊரில் அவளைக் கண்டு, நிகாஹ் முடித்துக்கொண்டு வந்து, வாய்க்காலுக்கு அப்பால் வீடு கட்டிக் கொடுத்திருந்தார் அந்த மனிதர். ராத்தாவுக்கு அது தெரியவந்தபோது வீட்டின் சுவர்ப்பூச்சுக்கூட முடிந்திருந்தது. பிறகு சில வருடங்கள் அந்தக் கணவர் இரண்டு வீடுகளுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மஃரிபு நேரம், வாய்க்கால் வளைவில், இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் வழியில் யானை அடித்து மௌத்தாகிவிட்டார். கையில் இருந்தது ஒரு சின்ன டோர்ச். அதுவும் மங்கல்.

இரண்டு பெண்களும் ஒரே காலத்தில், வாய்க்காலுக்கு இப்பாலும் அப்பாலுமாக, கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருந்தார்கள். அவரைப் பிந்தி அனுப்பியது மூத்தவள் என்று அங்கே கதை. அந்த நேரத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்டது இளையவள் என்று இங்கே கதை. இத்தா முடிந்த பிறகும் இருவரும் பாலத்தைக் கடக்கவில்லை. ராத்தாவின் மூத்த மகள் மட்டும் கடந்தாள். அவள் பள்ளிவாசல் மதரசாவில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். மதரசா விட்டதும் தன் வாப்பாவின் சின்ன மகளைக் கையில் பிடித்து, அந்த வளைவைத் தாண்டி, வீட்டில் விட்டுவிட்டு வருவாள். அவள் திரும்பி வரும்வரை ராத்தா வாசலில் நிற்பார். போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

கம்பங்கள் வந்து இறங்கிய வாரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் நடந்தது. ஆண்கள் பாயில், பெண்கள் வேப்பமரத்தடியில். நான் வயர்க் கணக்கைச் சொல்லி முடித்ததும் ஊர்க் கடைக்காரர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது சுகமில்லை என்றால் அவருடைய வேன்தான் ஓடும். ஆனால் கடைக்குப் பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று வைக்கும் ஆசை அவருக்கு இருந்தது.

"அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எத்தின போஸ்ட், எவ்வளவு வயர் போகுது பாருங்க," என்றார். "அந்தப் புள்ளையும் வேணாமெண்டுதான் சொல்றா. அத விட்டா அந்த வயர இங்கால பள்ளிக்கி, ஸ்கூலுக்கு, கடைக்கி நல்லா இழுக்கலாம்."

எல்லோருடைய முகமும் வேப்பமரத்தடிக்குத் திரும்பியது. ராத்தா இதற்கு ஒன்றும் சொல்லமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவர் எழுந்தார். இடுப்பில் கையை வைத்து, அண்ணனை அழைப்பதுபோலக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"காக்கா, நீங்க சொல்றது சரி மாதிரித்தான் இரிக்கி. இண்டைக்கி அவள வெட்டினா, அதுக்குப் பொறகு கடைசி வீடு எது?"

கடைக்காரர் பாயில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்றன். வாய்க்காலுக்கு இங்கால உள்ள மோதினார்ர வீடு. நாளைக்கி வயர் காணாட்டி மோதினார வெட்டுவீங்க. அதுக்குப் பொறகு? அவருக்குப் பக்கத்து வீடு. இப்பிடியே வெட்டி வெட்டி வந்தா கடைசில உங்கட கடைக்கி முன்னால ஒரு பல்ப் எரியும். நாங்க எல்லாரும் வந்து அத நிண்டு பார்ப்பம்."

ஆண்கள் பக்கத்திலிருந்து, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார்தான் முதலில் சிரித்தார். பள்ளித் தலைவர் தொண்டையைச் செருமினார். "அவதானே வேணா எண்டு சொல்றா. நாங்க என்ன செய்ற?"

"போய்க் கேட்டது ஆரு?"

"மிஸ் கேட்டாங்கதானே."

"மிஸ் அளக்கப் போன. கேக்கப் போகல்ல. நான் போறன்."

அடுத்த நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாலத்தில் கால் வைக்கும்முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். தென்னங்குற்றி ஆடியது. அவர் கீழே தண்ணீரைப் பார்க்காமல் நேரே பார்த்து நடந்தார்.

அந்தப் பெண் முற்றத்தில் சாக்கு விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. "வாங்க மிஸ்," என்றார், எனக்கு மட்டும்.

"வயர் இழுக்கணும்," என்றார் ராத்தா.

"எனக்கு வேணா எண்டு சொல்லிட்டன்."

"ஏன் வேணா?"

"உங்கட கரண்ட் எனக்கு வேணா."

"என்ட கரண்டா? சூரியன நானா மேல ஏத்தி வெச்சிரிக்கன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை. அந்தப் பெண் மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "நீங்க தந்து நான் வாங்கினா ஊர் என்ன கதைக்கும்? பாருங்க, மூத்தவக்கு எவ்வளவு பெரிய மனசு எண்டு கதைக்கும். பேர் உங்களுக்கு. வெக்கம் எனக்கு."

ராத்தா முற்றத்து ஓரத்தில் கிடந்த உரலில் உட்கார்ந்தார்.

"அது சரிதான்," என்றார் கடைசியில். "அப்பிடித்தான் கதைப்பாங்க. என்னால அத நிப்பாட்ட ஏலா." பிறகு குரல் மாறியது. "நான் உன்ட மேல எரக்கப்பட்டு வந்த எண்டு நெனைக்காத. எனக்கு எரக்கமில்ல. அவர் போன நாள்ல இருந்து ஒரு நாளும் வரல்ல. பொய் சொல்ல எனக்குத் தெரியா. என்ட மகள் உன்ட மகளக் கையில புடிச்சிட்டு அந்த வளைவால வாறாள். அவர் விழுந்த அதே இடத்தால. ஒவ்வொரு நாளும் அவள் திரும்பி வாற வரைக்கும் நான் வாசல்ல நிக்கிறன். எனக்கு அந்த வளைவுல ஒரு லைட் வேணும். அது உன்ட வீட்டுக்கு வாற வயர்லதான் எரியும். நீ வேணா எண்டா அங்க போஸ்ட் வராது. இவ்வளவுதான் விசயம்."

மிளகாயைப் பரப்பிய கை நின்றது. அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து ராத்தாவைப் பார்த்தார்.

"நானும்தான் நிக்கிறன்," என்றார். "இங்கால வாசல்ல."

வாய்க்காலில் கொக்கொன்று இறங்கியது. அது மீன் பிடிப்பதை மூவரும் பார்த்தோம்.

"என்ட பக்கத்துக் குழிய நானே தோண்டுவன்," என்றார் அந்தப் பெண். "சிரமதானம் எண்டு ஒருத்தரும் வரத் தேவயில்ல."

"தோண்டு."

"கூட்டத்துல முடிவெடுக்கக்குள்ள உயர்த்த எனக்கும் ஒரு கை. மத்தவங்களுக்கு உள்ள மாதிரி."

"அது எல்லா வீட்டுக்கும் இரிக்கி."

"பற்றரி அறைத் திறப்பு மாசத்துக்கு ஒரு வீடு எண்டு வெச்சிரிக்கீங்களாம். என்ட முறைக்கி என்ட கைக்கி வரணும்."

ராத்தா தயங்கினார். அதை நான் கண்டேன். அந்தத் திறப்பை, சாவியை, வைத்திருக்கிறவர்தான் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதைப் பார்ப்பவர். யாராவது வரம்பு மீறினால் அந்த வீட்டுக் கரண்டை நிறுத்திவைப்பவரும் அவர்தான்.

"வரும்," என்றார்.

அந்தப் பெண் சொன்னபடி தோண்டினார். காய்ந்துபோன களிமண் நிலம், அலவாங்கு எனும் கடப்பாறையைப் போட்டால் கல்லில் படுவதுபோலச் சத்தம் கேட்கும். காலையில் தோண்டுவார், வெயில் ஏறியதும் விடுவார், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடி. கையில் கொப்புளம் போட்டுத் துணி சுற்றியிருந்தார். ராத்தா ஒரு நாளும் உதவப் போகவில்லை, யாரையும் போகவும் விடவில்லை. "தனியாத் தோண்டுறன் எண்டு சொன்னவ. தோண்டட்டும்." ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் வாய்க்கால் ஓரம் வந்து, இக்கரையிலிருந்தே குழியின் ஆழத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

முதல் கம்பம் அங்கேதான் நின்றது. அங்கிருந்து வளைவுக்கு, வளைவிலிருந்து மோதினார் வீட்டுக்கு, அப்படியே ஊர் முழுவதும் ஏறி, கடைசியாகப் பாதையோரத்துக் கடைக்கு. கடைக்காரர் அந்தத் தாமதத்தைப் பற்றி இரண்டு நாள் முறுமுறுத்துவிட்டு, மூன்றாம் நாள் தானே டிரக்டர் கொண்டுவந்து கம்பம் இழுத்தார்.

கரண்ட் வந்த பிறகு ராத்தா என்னோடு இன்னும் கடுமையாகக் கதைக்கத் தொடங்கினார். தகட்டில் ஒரு பறவை எச்சமிட்டால்கூட எனக்குத் தொலைபேசியில் கோல் வரும். சங்கத்தின் சட்டங்கள் எல்லாம் கையுயர்த்தி எடுத்தவை: வீட்டுக்கு இத்தனை பல்ப், ஒரு காற்றாடி, ஸ்திரிக்கைப் பெட்டியும் சோற்றுக் குக்கரும் இல்லை. மாரி காலத்தில் பற்றரி இறங்கினால் வீட்டுக்கு ஒரே ஒரு பல்ப், காலையில் தண்ணீர்ப் பம்பு, பள்ளிக்கு மைக். வேறு எதற்கும், யாருக்கும் இல்லை. முதல் மாரியிலேயே கடைக்காரர் மகனின் சுன்னத்து விருந்து வந்தது. அலங்கார விளக்குப் போடக் கேட்டார். அந்த மாதம் திறப்பு ராத்தாவின் கையில். முடியாது என்றுவிட்டார். கடைக்காரர் மனைவி அழுதார். ராத்தா அசையவில்லை. அன்று எனக்கே அவர்மேல் கொஞ்சம் மனக்கசப்பு வந்தது. ஒரு பின்னேரத்துக்கு விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

அடுத்த மாரியில் ராத்தாவின் மூத்த மகளுக்குக் கலியாணம்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு மாப்பிள்ளை தேடுவது பெரும் பாடு. யானை இறங்குகிற, கரண்ட் இல்லாத ஊருக்குத் தங்கள் மகனை யார் அனுப்புவார்கள்? அந்தப் பிள்ளைக்கே இரண்டு இடங்கள் பேசி, வந்து ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு நல்ல இடம் சரிவந்தது. ராத்தா தன் வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பின்னால் தனக்கொரு குசினியும் அறையும் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளையின் உம்மா இரவிலும் பகல் மாதிரி இருக்கும் ஒரு தெருவில் வாழ்ந்தவர் என்பதால், வீட்டு முகப்பு முழுவதும் போட அக்கரைப்பற்றிலிருந்து சின்னச் சின்ன வர்ண விளக்கு மாலைகள் எடுத்தார். தனக்கென்று எதையும் கேட்காத ராத்தா, அந்த விளக்கு மாலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார்.

ஆனால் வானம் மூடிக்கொண்டது. நாள் கணக்கில் சூரியன் தலைகாட்டவில்லை. கலியாணத்தன்று காலை நான் பரிசுப் பொட்டலத்தோடு போய்ச் சேர்ந்தபோது, விளக்கு மாலைகள் கட்டி முடிந்திருந்தன. களத்தில் பற்றரி அறைக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. அந்த மாதம் திறப்பு அங்கால வீட்டுப் பெண்ணின் கையில்.

"வந்துட்டாங்க மிஸ்," என்றார் கடைக்காரர். "மிஸ்ஸே பார்த்துச் சொல்லட்டும்."

உள்ளே போய்ப் பார்த்தேன். பற்றரி நன்றாக இறங்கியிருந்தது. வெளியே வந்து உள்ளதைச் சொன்னேன். விளக்குப் போட்டால் இன்றைக்கு எரியும். ஆனால் நாளைக்குப் பம்பு ஓடாது. மேகம் கலையாவிட்டால் மறுநாளும் ஊர் முழுக்க இருட்டுத்தான்.

"அப்ப ஏலா," என்றார் அந்தப் பெண்.

"புள்ள, இது கலியாணம்," என்றார் கடைக்காரர். "நானே சொல்றன், என்ட வீட்டுக்கு ரெண்டு நாள் லைட் வேணா. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க. அதுவும் அந்தப் புள்ள உன்ட..."

"ஆர்ட கலியாணமெண்டு எனக்குத் தெரியும் காக்கா. என்ட மகளக் கையில புடிச்சிக் கொண்டுவந்து விட்ட புள்ள." "எண்டாலும் ஏலா. உங்கட மகன்ட விருந்துக்கு ஏலாதெண்டு சொன்ன சட்டம்தானே? அது வாய்க்காலுக்கு அங்கால ஒண்டு, இங்கால ஒண்டு இல்ல."

"இந்த நாளுக்காகத்தான் காத்துட்டு இருந்திரிக்கா," என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள். எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு கணம் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அதில் வெற்றி எதுவும் இல்லை. திறப்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ராத்தா வந்தார். மருதாணி அரைத்த கை, பாதி சிவந்திருந்தது. கூட்டம் விலகியது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னை.

"பம்பு ஓடாதா மிஸ்?"

"ஓடாது ராத்தா."

அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பி, முகப்பில் மழை ஈரத்தோடு தொங்கிய விளக்கு மாலைகளைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. கத்தப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"கழட்டுங்க," என்றார், மாலை கட்டிய ஆட்களிடம். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். "மாப்பிள்ள வீட்டுக்குக் கோல் எடு. நிகாஹ்வ அஸருக்கு வைக்கிறம், பகல் வெளிச்சம் இரிக்கக்குள்ள வரச்சொல்லு."

நான் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் முகத்தை முக்காட்டுக்குள் புதைத்துக்கொண்டு நின்றார்.

"உம்மா, அழாதீங்க," என்றாள் மகள்.

"நான் எங்க அழுற? வெங்காயம்."

"வெங்காயம் வெளியிலதான் வெட்டுறாங்க."

ராத்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோவம் வருது மிஸ். அவ சொன்னது பிழையெண்டா ஏசிட்டுப் போயிருவன். சரியாச் சொல்லிட்டா. அதுதான் கூடக் கோவம் வருது."

அவ்வளவுதான். வெளியே போய்ச் சமையல்காரரிடம் அடுப்பைக் கூட எரிக்கச் சொன்னார், பாய்களை உதறி விரிக்கச் சொன்னார், எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் அஸருக்கு வந்தார்கள். மழை விட்டுத் தூறலாகியிருந்தது. நிகாஹ் முடிந்து, கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டில் சோறு வைத்தபோது வீட்டுக்குள் மங்கலாகிவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு பல்ப் எரிந்தது. மாப்பிள்ளையின் உம்மா அண்ணாந்து பார்த்தார், சுற்றிப் பார்த்தார்.

"கரண்ட் வந்த ஊரெண்டுதானே சொன்ன? கலியாண வீட்டுல ஒரு பல்ப்தானா?"

அங்கால வீட்டுப் பெண் குசினி வாசலில், தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். காலையிலிருந்து அவர் அந்தக் குசினியில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

"அத இவக்கிட்டத்தான் கேக்கணும்," என்றார் ராத்தா. எழுந்து போய், அந்தப் பெண்ணின் கையிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தார். "இவ என்ட மகள்ர சாச்சி, சின்ன உம்மா. புள்ளட வாப்பாட மற்ற வீடு. இந்த மாசம் ஊர்ட கரண்டெல்லாம் இவட பொறுப்பு. என்ன கா, சொல்லு."

அந்தப் பெண் ஈரக் கையைச் சீலையில் துடைத்தார். "பற்றரி நிறையல்ல மாமி," என்றார் சம்பந்தியிடம். "இன்னும் போட்டா நாளைக்கி ஊருக்குத் தண்ணி இல்ல."

"கேட்டீங்கதானே?" என்றார் ராத்தா. அந்தப் பெண்ணைத் தோளில் பிடித்து, சம்பந்திக்குப் பக்கத்தில் சஹனுக்கு முன்னால் உட்காரவைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்தார். "பிஸ்மி சொல்லிக் கைய வைங்க. சோறு ஆறுது."